எருக்கம்பூவிலிருந்து பதக்கம் வரை: வழிபாட்டு அர்த்தமுள்ள ஒரு வெள்ளிப் பதக்கத்தைக் கையால் வடிவமைத்துச் செய்வதற்கான முழுமையான வழிகாட்டி

கொழும்பு வெள்ளவத்தையில் என் வீட்டு மேசையில் சனிக்கிழமைகளில் சிலருக்கு நகைவேலை சொல்லிக்கொடுக்கிறேன். வருபவர்களில் பெரும்பாலோர் முதல் நாளே ஒரு பை நிறைய மணிகளும் கற்களும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அவற்றைக் கோத்து முடித்த பிறகு, இதற்கு என்ன அர்த்தம் சொல்லலாம் என்று கேட்கிறார்கள். அப்போது சொல்லப்படும் அர்த்தம் எதுவாயினும் அது நகைக்குள் போகாது, நகையோடு கொடுக்கும் அட்டையில்தான் நிற்கும்.

ஆகவே இந்த வழிகாட்டியில் நான் வலியுறுத்தப்போவது வரிசையை. அர்த்தம் முதலில், பார்த்தல் அடுத்து, அளவு அதற்கடுத்து, உலோகம் கடைசியில். ஓர் அர்த்தம் நகையின் எண்ணிக்கையையோ, அளவையோ, அது உடலில் தொடும் இடத்தையோ மாற்றியிருக்கவேண்டும். எதையும் மாற்றவில்லையென்றால் அந்த அர்த்தம் நகையில் இல்லை. உதாரணமாக, என்னிடம் பயின்ற ஒரு பெண் தன் அம்மம்மாவின் நினைவாகச் செய்த எருக்கம்பூப் பதக்கத்தை ஆரம்பம் முதல் முடிவு வரை எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் வேறு பூவையோ வேறு சின்னத்தையோ எடுத்தாலும் வரிசை மாறாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்கவேண்டியவை

கோடில்லாத ஒரு கொப்பி, பென்சில், கவராயம், பாகைமானி, தடித்த மட்டை, கூரான கத்தரிக்கோல். முதல் இரண்டு வாரங்களுக்கு இவை மட்டும் போதும். மற்றவற்றை முன்கூட்டியே வாங்கினால் வாங்கியதைப் பயன்படுத்துவதற்காகவே வடிவம் வளைந்துகொடுக்கும். அதனால்தான் கருவிகளை இரண்டு தவணையாக வாங்கச் சொல்கிறேன்.

இரண்டாம் தவணையில் நகை அறுக்கும் வாள்சட்டம், 3/0 இலக்க வாளிழைகள் ஒரு கட்டு, முனையில் கவட்டைபோல் வெட்டிய அறுப்புப் பலகை, கையால் சுற்றும் சிறு துளைப்பான், 0.8 மற்றும் 1.5 மி.மீ துளையூசிகள், புள்ளி உளி, சிறு சுத்தியல், தட்டையான இரும்புக் கட்டை, பாதி உருண்டையான அரம் ஒன்று, ஊசி அரங்கள், தட்டை வாய்க் குறடுகள் இரண்டு, 400, 600, 1000 இலக்க எமரித் தாள்கள், கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி ஆகியவை வேண்டும். பொதுக் கருவிகளைப் பழைய சோனகத் தெருவின் இரும்புச் சாமான் கடைகளில் தேடலாம். நகைவேலைக்கேயுரிய வாளிழை போன்றவற்றை நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெருப் பக்கத்தில் விசாரியுங்கள்.

உலோகமாக 0.8 மி.மீ தடிப்புள்ள செப்புத் தகடும், அதே தடிப்பில் 925 வெள்ளித் தகடும் (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளியுள்ளது), 0.8 மற்றும் 1.2 மி.மீ வெள்ளிக் கம்பியும் தேவை. வெள்ளியை இப்போது வாங்கவேண்டாம். எவ்வளவு வாங்குவது என்பது ஏழாம் படியில் தெரியும்.

இந்தப் பதக்கத்தில் தீ எங்குமே இல்லை. பொடி வைத்து ஊதும் வேலைக்கு, அதாவது தீயால் பற்றவைப்பதற்கு, காற்றோட்டமும் தீ பிடிக்காத மேசையும் வேண்டும். கொழும்புத் தொடர்மாடிகளில் அவை பலருக்கு வாய்ப்பதில்லை. எனவே துண்டுகளைச் சிறு ஆணிகளால் தறைந்து, அதாவது கம்பித் துண்டைத் துளையில் நுழைத்து இரு முனைகளையும் தட்டி விரித்து, இணைக்கும் முறையைத் தேர்ந்திருக்கிறேன்.

2. அர்த்தத்தை ஒரே வாக்கியமாக எழுதுதல்

கொப்பியின் முதல் பக்கத்தில் ஒரு வாக்கியம் எழுதுங்கள். அதில் ஓர் ஆள் இருக்கவேண்டும், ஒரு வினை இருக்கவேண்டும். பக்தி, அமைதி, அருள் என்ற சொற்களை எழுதினால் அவற்றுக்கு எந்த வடிவத்தையும் பொருத்திவிடலாம். எதையும் பொருத்தலாம் என்றால் எதைத் தேர்வது என்பதற்கு வழி இல்லாமல் போகிறது. வினைச்சொல் இருந்தால் அதனோடு ஒரு கை வரும், ஒரு பொருள் வரும், ஒரு நேரம் வரும்.

அந்தப் பெண் முதலில் எழுதியது "அம்மம்மாவின் ஆசி" என்று. அதிலிருந்து எங்களால் ஓர் அடிகூட நகர முடியவில்லை. அம்மம்மா என்ன செய்வா என்று கேட்டேன். "விடிய எழும்பி எருக்கம்பூ மாலை கட்டிப் பிள்ளையாருக்குக் கொண்டுபோவா" என்றாள். அதையே எழுதச் சொன்னேன். பூ கிடைத்தது, தெய்வம் கிடைத்தது, கட்டுதல் என்ற செயலும் கிடைத்தது. அந்தக் கடைசிச் சொல்லின் பயன் எங்களுக்கு மிகப் பிந்தித்தான் தெரிந்தது.

இங்கே நிகழும் பிழை, எல்லாவற்றையும் ஒரே பதக்கத்தில் சேர்க்க விரும்புவது. ஓங்காரம், வேல், மயில், தாமரை ஆகிய நான்கையும் 30 மி.மீ அகலத்துக்குள் கொண்டுவந்த வரைபடங்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றும் மற்றதை மறைக்கிறது. அணிபவரிடமிருந்து ஒரு கை தூரத்தில் நிற்பவருக்கு அங்கே தெரிவது கரடுமுரடான ஒரு வட்டம் மட்டுமே. உங்கள் வாக்கியத்தில் இல்லாத சின்னத்தை எடுத்துவிடுங்கள். அதை அடுத்த நகைக்கு வைத்துக்கொள்ளலாம்.

3. வீட்டு வழக்கத்தைக் கேட்டு அறிதல்

வரையத் தொடங்குமுன் அணியப்போகிறவரிடமும் அவர் வீட்டு மூத்தவர்களிடமும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதை எப்போதெல்லாம் கழற்றுவார்கள், கழற்றினால் எங்கே வைப்பார்கள், சந்தனமும் குங்குமமும் இதில் படுமா?

மூன்று பதில்களுமே வடிவத்தை மாற்றும். செத்தவீட்டுக்குப் போகும்போது கழற்றும் வழக்கம் உள்ளவருக்கு, பிறர் உதவியில்லாமல் கழற்றக்கூடிய கொக்கி வேண்டும். சாமித்தட்டில் வைப்பவர் என்றால் பதக்கம் தட்டையாகக் கிடக்கவேண்டும், கவிழ்ந்து விழக்கூடாது. குங்குமம் படும் என்றால், குறுகிய இடுக்குகள் இருக்கக்கூடாது. நான் 1.5 மி.மீட்டருக்குக் குறைந்த இடைவெளி விடுவதில்லை. அதற்குக் குறைந்தால் பல்துலக்கும் தூரிகையின் மயிர் உள்ளே போகாமல், குங்குமம் எண்ணெயோடு சேர்ந்து இறுகிவிடும்.

தெய்வச் சின்னங்களைக் கொலுசிலும் மெட்டியிலும் வைப்பதைப் பெரியவர்கள் ஏற்கமாட்டார்கள். அவ்வாறு கேட்டு வருபவர்களுக்கு நான் கழுத்தணியாகவோ காப்பாகவோ மாற்றிச் சொல்கிறேன். பிற சமயத்தவருக்குச் செய்வதானால் கேட்காமல் எதையும் ஊகிக்கவேண்டாம். குறிப்பாக, புத்தரின் உருவத்தை அணிகலனாக்குவது இந்நாட்டில் பலரின் மனத்தைப் புண்படுத்தும். அரசிலையோ தாமரையோ போதுமா என்று கேட்டுப் பாருங்கள்.

4. பொருளை நேரில் பார்த்து வரைதல்

கைபேசிப் படத்திலிருந்து வரையாதீர்கள். படத்தில் எது முன்னால் நிற்கிறது, எது பின்னால் சாய்கிறது என்பது தெரியாது. நகைக்கு அதுதான் முதலில் தெரியவேண்டும். நாங்கள் கடற்கரையோரத்து வெறும் வளவொன்றில் நின்ற எருக்கஞ்செடியிலிருந்து பூக்கள் பறித்துவந்தோம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கெடுதி. பறித்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும்.

ஒரே பூவை மூன்று நாள் வரையுங்கள். முதல் நாள் மேலிருந்து, இரண்டாம் நாள் பக்கத்திலிருந்து, மூன்றாம் நாள் பின்புறத்திலிருந்து. முதல் நாள் வரைபடத்தில் நாம் ஏற்கெனவே மனத்தில் வைத்திருக்கும் பொதுவான பூ ஒன்றுதான் வரும். பக்கத்திலிருந்து வரையும்போதுதான் எருக்கம்பூவின் இயல்பு பிடிபட்டது. ஐந்து இதழ்களும் தட்டையாக விரிந்து கிடக்க, நடுவில் கிரீடம்போன்ற ஒரு சிறு முடி எழுந்து நிற்கிறது. அந்த முடியும் ஐந்து மடல் கொண்டது. இரண்டு தளங்கள், இரண்டிலும் ஐந்து. பதக்கத்தின் கட்டமைப்பு முழுவதும் அந்த இரண்டாம் நாள் வரைபடத்தில் இருந்தது.

பூவை வரைந்து முடித்த பிறகு மட்டும் கோவிலுக்கும் அரும்பொருட்காட்சியகத்துக்கும் போங்கள். முதலிலேயே போனால் அங்குள்ளதைப் பிரதி செய்துவிடுவீர்கள். பிறகு போனால், உங்கள் சிக்கலை ஒரு சிற்பி எப்படித் தீர்த்தார் என்று பார்ப்பீர்கள். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோவில் கருங்கல்லால் ஆனது. அங்கே வேறு நிறம் இல்லை, நிழல் ஒன்றே கோட்டைக் காட்டுகிறது. ஒரே நிறமான வெள்ளியிலும் அதுவே நிலை. காலை வெயில் பக்கவாட்டில் விழும் வேளையில் தூண்களைப் பாருங்கள். எவ்வளவு ஆழம் செதுக்கினால் நிழல் விழுகிறது என்பது கண்ணுக்குப் பழகும்.

கொழும்பு தேசிய அரும்பொருட்காட்சியகத்தில் பொலன்னறுவையில் கிடைத்த சிவ வெண்கலங்கள் இருக்கின்றன. நடராசர் திருமேனியின் முன் அரைமணி நேரம் நின்று கழுத்தணிகளை மட்டும் பாருங்கள். அவை கழுத்தின் வளைவைத் தொடர்ந்து செல்கின்றன, உடலிலிருந்து விலகித் துருத்துவதில்லை. நகை உடலோடு கிடக்கவேண்டும் என்பதை அங்கு கற்றுக்கொண்டதுபோல் வேறெங்கும் நான் கற்கவில்லை. கோவிலானாலும் காட்சியகமானாலும் படம் எடுக்காமல் கொப்பியில் வரைந்துகொள்ளுங்கள். கை வரைந்தது நினைவில் நிற்கும்.

5. அர்த்தத்தை எண்ணாகவும் அளவாகவும் மாற்றுதல்

நீங்கள் அதிக நேரம் செலவிடவேண்டிய படி இதுதான். கொப்பியில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்புறம் வாக்கியத்திலும் வரைபடத்திலும் உள்ளவற்றை எழுதுங்கள். வலப்புறம் அது நகையில் எந்த அளவாக வரும் என்று எழுதுங்கள். வலப்புறம் வெறுமையாக நின்றால் அந்த வரியை அடித்துவிடவேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஐந்து என்ற எண் முதலில் வந்தது. இதழ் ஐந்து, முடியின் மடல் ஐந்து. அப்படியானால் முடியை இதழோடு இணைக்கும் ஆணியும் ஐந்தாக இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். இதில் வேலைக்கும் ஒரு நன்மை உண்டு. நடுவில் ஒரே ஆணி அடித்தால் முடி சில வாரங்களில் தளர்ந்து சுழலத் தொடங்கும், அதன் மடல்கள் இதழ்களுக்கு நேரே நிற்கமாட்டா. ஐந்து ஆணி அடித்தால் அது அசையாது.

அடுத்து, கட்டுதல் என்ற வினை. அம்மம்மா பூவை ஒட்டவில்லை, கட்டினார். ஆகவே இந்தப் பதக்கத்தில் பசை இருக்கக்கூடாது என்று அந்தப் பெண்ணே சொன்னாள். சங்கிலியும் வேண்டாம், நூல்தான் வேண்டும் என்றாள். இரண்டாம் படியில் எழுதிய ஒரு சொல் இங்கே இரண்டு முடிவுகளை எடுத்துத் தந்தது.

பிள்ளையாரை எங்கே வைப்பது என்பதில் நெடுநேரம் தடுமாறினோம். முகப்பில் யானைமுகம் வைத்தால் பூ மறைந்துவிடும். எழுதத் தொடங்குமுன் நாம் எல்லோரும் தாளின் தலையில் இடும் பிள்ளையார் சுழியைப் பதக்கத்தின் முதுகில், நெஞ்சில் படும்படி வைப்பது என்று கடைசியில் தெளிந்தோம். முன்னால் உலகுக்குப் பூ, பின்னால் அணிபவருக்கு மட்டும் "உ". வழிபாட்டு நகையில் முதுகுப் பக்கத்தை வெறுமையாக விடுவது பெரிய இழப்பு என்று நான் நினைக்கிறேன். தோலில் நாள் முழுவதும் படுவது அந்தப் பக்கம்தான்.

இனி அளவுகள். இதழ் முனைக்கு முனை விட்டம் 28 மி.மீ. இது எருக்கம்பூவின் இயற்கையான அளவுக்குக் கிட்டியது, கையில் எடுத்தால் பூவை எடுத்ததுபோல் இருக்கும். முடியின் விட்டம் 11 மி.மீ. ஆணிகள் நிற்கும் வட்டத்தின் விட்டம் 7 மி.மீ. நெஞ்சுக்குழிக்குச் சற்றுக் கீழே கிடக்கும்படி நூலின் நீளம். இதை அணிபவரின் கழுத்தில் நூலைப் போட்டுப் பார்த்துத்தான் எடுக்கவேண்டும், பொது அளவு எதுவும் பொருந்தாது.

கல் பதிக்க விரும்புபவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் நகையில் கல் வேண்டாம் என்பது என் கருத்து. சோதிடர் சொன்ன கல்லை வைத்தே ஆகவேண்டும் என்றால், அதைத் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் ஆய்வுகூடத்தில் சோதித்துக்கொண்டு, கல்லின் அடி தோலில் படும்படி திறந்த அடியுள்ள கூட்டில் அனுபவமுள்ள ஒருவரைக் கொண்டு பதியுங்கள். நீலக்கல்லின் கடினம் 9, அது அடியைத் தாங்கும். மீட்டியாகொடவிலிருந்து வரும் சந்திரகாந்தக் கல்லின் கடினம் ஏறக்குறைய 6, அது பிளக்கும் தன்மையும் உடையது. முத்து அதைவிட மிக மென்மையானது. பழகாத கையில் இவை இரண்டும் தப்பா. கல் நோயைத் தீர்க்கும், வேலை வாங்கித் தரும் என்று வாங்குபவரிடம் நீங்கள் உறுதி சொல்லக்கூடாது. செய்தவர் சொல்லக்கூடியது, என்ன நினைத்துச் செய்தேன் என்பதை மட்டுமே.

6. ஐந்தை வரைந்து மட்டையில் வெட்டுதல்

தாளை மடித்து வெட்டிப் பூ செய்யாதீர்கள். சாதாரணமாக மடித்தால் நான்கு, ஆறு, எட்டுதான் வரும். ஒரு மாணவி ஆறு இதழோடு செம்புவரை போய்விட்டாள். அழகாகத்தான் இருந்தது, ஆனால் அது எருக்கம்பூ இல்லை.

கவராயத்தால் 14 மி.மீ ஆரையில் வட்டம் போட்டு, பாகைமானியால் 72 பாகைக்கு ஒன்றாக ஐந்து புள்ளிகள் வையுங்கள். சரியா என்று பார்க்க, அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கிடையே அளந்துபாருங்கள். ஐந்து இடத்திலும் ஏறக்குறைய 16.5 மி.மீ வரவேண்டும். ஓர் இதழை மட்டும் நன்றாக வரைந்து, அதை மட்டையில் வெட்டி அச்சாக வைத்து ஐந்து முறை சுற்றி வரையுங்கள். ஐந்தையும் தனித்தனியே கையால் வரைந்தால் ஒன்று பெருத்துவிடும்.

மட்டைப் பூவையும் முடியையும் வெட்டி, நூலில் கட்டி ஒரு நாள் அணிந்து பாருங்கள். எந்த இதழ் மேலே நிற்பது என்பதை இப்போதே முடிவு செய்யவேண்டும், ஏனெனில் தொங்கவிடும் துளை அதில்தான் வரும். ஓர் இதழ் மேலே, இரண்டு கீழே என்றால் பதக்கம் உட்கார்ந்திருப்பதுபோல் அமைதியாகத் தெரியும். ஒன்று கீழே என்றால் கூர் கீழ்நோக்கி, வேலின் சாயல் வரும். எங்களுக்கு முதலாவதே பொருந்தியது.

7. செம்பில் முழுமையாக ஒருமுறை செய்தல்

இந்தப் படியைத் தாண்ட எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். தாண்டியவர்கள் எல்லோரும் வெள்ளியை வீணாக்கியிருக்கிறார்கள். 8 முதல் 11 வரையுள்ள படிகளில் நூல் நீங்கலான அனைத்தையும் செம்பில் முதலில் செய்யுங்கள். ஆணிக்கு 0.8 மி.மீ செப்புக் கம்பி போதும்.

முடித்ததும் செப்புப் பதக்கத்தை நிறுத்துப் பாருங்கள். அந்த எடையை 1.16 ஆல் பெருக்கினால் அதே அளவுள்ள 925 வெள்ளிப் பதக்கத்தின் எடை கிடைக்கும். வெள்ளி செம்பைவிட அடர்த்தி கூடியது என்பதே காரணம். தகடாக வாங்கும்போது வெட்டுக்கழிவையும் கணக்கிடவேண்டும். 30 மி.மீ சதுரத்தில் 0.8 மி.மீ தடிப்புள்ள வெள்ளித் தகடு ஏறக்குறைய 7.5 கிராம். முடிக்கென்று 12 மி.மீ சதுரம் தனியாக வேண்டும், அது 1.2 கிராம். வெட்டிய துண்டுகளையும் அரத்தூளையும் ஒரு தாளில் சேர்த்துவைத்துப் பொற்கொல்லரிடம் திருப்பிக் கொடுக்கலாம்.

செட்டியார் தெருவில் வெள்ளி வாங்கும்போது, காய்ச்சி ஆற்றிய மெதுவான தகடு வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். உருட்டியபடியே உள்ள தகடு விறைப்பாக இருக்கும், இதழ் வளைக்கும்போது மடிந்துவிடும்.

8. அறுத்தல்

வரைபடத்தின் பிரதியைத் தகட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள். இந்தத் தற்காலிகப் பசை பிறகு நீரில் போய்விடும். வாளிழையின் பற்கள் கைப்பிடியை நோக்கிக் கீழே பார்க்கவேண்டும். இழையை இறுக்கியபின் விரலால் சுண்டினால் தந்தியைப்போல் ஒலிக்கவேண்டும். மந்தமாக ஒலித்தால் அது தளர்ந்திருக்கிறது, இரண்டு நிமிடத்தில் முறிந்துவிடும். தேன்மெழுகில் இழையை ஒருமுறை இழுத்துக்கொள்ளுங்கள்.

கோட்டின் மேல் அறுக்காமல், கோட்டுக்கு வெளியே ஒரு மயிரிழை விட்டு அறுங்கள். மிச்சத்தை அரம் பார்த்துக்கொள்ளும். திருப்பங்களில் வாளைத் திருப்பக்கூடாது. வாள் இருந்த இடத்திலேயே மேலும் கீழுமாக ஓடிக்கொண்டிருக்க, தகட்டைத்தான் மெல்லத் திருப்பவேண்டும். இதழுக்கும் இதழுக்கும் இடையிலுள்ள உள்மூலையில்தான் இழைகள் முறிகின்றன. அந்த ஐந்து மூலைகளிலும் முன்பே ஒரு சிறு துளை போட்டுவிட்டால் வாள் அங்கே இளைப்பாறித் திரும்பும்.

முதலில் நான்கைந்து இழைகள் முறியும். அது இயல்பு. பத்தைத் தாண்டினால் நீங்கள் கீழே அழுத்துகிறீர்கள் என்று பொருள். வாள் தன் எடையாலேயே அறுக்கும்.

9. முதுகில் சுழி இடுதல்

இதை இதழை வளைக்குமுன், முடியைத் தறையுமுன் செய்யவேண்டும். தகடு தட்டையாக இரும்புக் கட்டையில் படிந்திருந்தால்தான் உளி ஒரே ஆழத்தில் இறங்கும்.

செதுக்குளி பிடிக்கப் பல மாதப் பயிற்சி வேண்டும் என்பதால், புள்ளி உளியால் 14 அல்லது 15 புள்ளிகளாகச் சுழியை இடுகிறோம். ஆணி வட்டத்துக்குள்ளே இடம் இருப்பது 6 மி.மீ அகலம், ஆகவே "உ" 4 மி.மீட்டருக்குள் அடங்கவேண்டும். பூவின் முன்பக்கத்தில் வரைந்துவிட்டு, திருப்பி அதன் தடத்தைப் பின்பற்றினால் சுழி கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம்வலம் மாறிவிடும். நேரடியாக முதுகிலேயே பென்சிலால் எழுதி, வேறொருவரிடம் காட்டி வாசிக்கச் சொன்ன பிறகு உளியை எடுங்கள். இந்தப் பிழைக்குத் திருத்தம் இல்லை.

புள்ளி இறங்கிய இடங்களில் முன்பக்கம் சிறிது புடைக்கும். அதைப்பற்றிக் கவலைவேண்டாம், அங்கேதான் முடி வந்து உட்காரும். புடைப்பை அரத்தால் ஒருமுறை இழைத்துவிட்டால் முடி தட்டையாகப் படியும். அடுத்து இதழ் ஒவ்வொன்றையும் துணி சுற்றிய குறட்டால் பிடித்து, நுனி சற்றே பின்னோக்கிச் சரியும்படி வளையுங்கள். நுனி தோலில் குத்துமளவுக்கு வளைக்கக்கூடாது. உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

10. தறைதல்

முடியில் ஐந்து துளைகளையும் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பூவில் ஒரே ஒரு துளை மட்டும். முடியைப் பூவின் மேல் வைத்து அந்த ஒன்றில் ஆணியைத் தறைந்தபின், மடல்கள் இதழ்களோடு நேராக நிற்கின்றனவா என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கத் துளையை முடியின் துளை வழியாகவே பூவில் போட்டு இரண்டாம் ஆணியைத் தறையுங்கள். மிச்சம் மூன்றும் அதேபோல் ஒவ்வொன்றாக. ஐந்தையும் முதலிலேயே இரு தகட்டிலும் துளைத்துவிட்டால் அவை நேராகப் பொருந்துவது அரிது. மயிரிழை விலகினாலும் ஆணி நுழையாது.

பின்பக்கத் துளைகளின் வாயைச் சற்று அகலமான துளையூசியால் இரண்டு சுற்று சுற்றிக் கிண்ணம்போல் ஆக்குங்கள். தறைந்த ஆணியின் தலை அதற்குள் இறங்கிக்கொள்ளும், தோலைச் சுரண்டாது. ஆணி இருபுறமும் ஏறக்குறைய 0.4 மி.மீ, அதாவது கம்பியின் பாதித் தடிப்பு, வெளியே நீட்டியிருக்கவேண்டும். கூடுதலாக விட்டால் வளைந்து படுத்துவிடும், குறைவாக விட்டால் தலை உருவாகாது.

சுத்தியலால் ஓங்கி அடிக்காதீர்கள். நடுவில் இரண்டு தட்டு, பிறகு ஓரத்தைச் சுற்றி மெல்லத் தட்டினால் தலை காளான்போல் விரியும். திருப்பி மறுபக்கமும் அதேபோல். இந்த வேலைக்கு ஓர் ஆணிக்குப் பத்து நிமிடமாகும், அவசரப்படுத்த முடியாது. அந்தப் பெண் ஒவ்வோர் ஆணிக்கும் ஒருமுறை தன் அம்மம்மாவின் பெயரைச் சொல்லிக்கொண்டே தட்டினாள். நான் சொல்லிக்கொடுத்ததன்று. எண்ணை முன்பே முடிவு செய்திருந்ததால் அப்படிச் செய்ய அவளுக்கு இடம் இருந்தது.

11. மெருகு, வளையம், நூல்

எமரித் தாளை 400, 600, 1000 என்ற வரிசையில், ஒவ்வொரு முறையும் முந்தியதற்குக் குறுக்காகத் தேய்க்கவேண்டும். முந்திய கீறல் முற்றாக மறைந்ததும் அடுத்த தாளுக்குப் போகலாம். முதுகில் சுழியின் மேல் அழுத்தித் தேய்த்தால் புள்ளிகள் மழுங்கும், அங்கே 1000 மட்டும் போதும். முடியை மினுங்கவிட்டு இதழ்களை மங்கலாகவே விட்டோம். ஒரே நிறத்தில் இரு தளங்களும் பிரிந்து தெரிவதற்கு அதுவே வழி.

தொங்கும் துளையை மேல் இதழின் நுனியிலிருந்து 2 மி.மீ உள்ளே 1.5 மி.மீ அளவில் போட்டு, 1.2 மி.மீ கம்பியில் வளையம் செய்து மாட்டுங்கள். ஒரு வளையம் அல்லது மூன்று வளையம். இரண்டு போட்டால் பதக்கம் பக்கவாட்டில் திரும்பி நிற்கும். வளையத்தைத் திறக்கும்போது இரு முனைகளையும் அகலமாக இழுக்காமல், ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னுமாகத் திருப்பித் திறந்து, அதே வழியில் மூடினால் வட்டம் கெடாது.

நூலுக்குத் திரித்த பருத்தி நூலை எடுத்துக்கொண்டோம். கொழும்பின் வியர்வையில் பருத்தி நூல் நாலைந்து மாதத்தில் நைந்துவிடும் என்பதை அணிபவருக்கு முன்பே சொல்லுங்கள். எங்கள் பதக்கத்தில் அதையும் அர்த்தத்தோடு சேர்த்துக்கொண்டோம். பூமாலையைப் புதிதாகக் கட்டுவதுபோல் நூலையும் அவ்வப்போது புதிதாகக் கட்டவேண்டும், அதை அந்தப் பெண்ணே கட்டுவாள். கழற்றிப் போடுவதற்காக நூலின் முனைகளில் ஒரு சிறு வெள்ளிக் கொக்கி வைத்தோம்.

12. கொடுக்கும் நாளும் பேணலும்

கோவிலில் வைத்து எடுக்க விரும்பினால் அர்ச்சனைத் தட்டில் வெற்றிலையின் மேல் வைத்துக் கொடுங்கள். அபிடேகப் பாலிலும் பஞ்சாமிர்தத்திலும் நனையவிடவேண்டாம். இரு தகடுகளுக்கும் இடையே இனிப்பு போனால் எளிதில் வெளியே வராது, எறும்பு வரும்.

கடற்காற்றின் ஈரத்தில் வெள்ளி விரைவில் கறுக்கும். அணியாத நாட்களில் காற்றுப் புகாத சிறு பையில் வையுங்கள். கறுத்தால், மெல்லிய துணியில் சலித்த திருநீற்றைச் சிறிது எடுத்து விரலால் தேய்த்தால் முடி பளிச்சிடும். நம் வீடுகளில் வெள்ளிக் கிண்ணம் துலக்குவது அப்படித்தானே. மங்கலாக விட்ட இதழ்களில் அதைத் தேய்க்காமல் சவர்க்கார நீரும் தூரிகையும் மட்டும் பயன்படுத்துங்கள். தேய்த்தால் அவையும் மினுங்கி, இரு தளங்களும் ஒன்றாகிவிடும். நூல் மாற்றும்போதெல்லாம் ஐந்து ஆணிகளையும் நகத்தால் ஒருமுறை தடவிப் பாருங்கள். ஏதேனும் ஒன்று அசைந்தால் பதக்கத்தை இரும்புக் கட்டையில் வைத்து, அதன் ஓரத்தை மெல்ல இரண்டு தட்டு தட்டினால் மறுபடி இறுகிவிடும்.